பழைய கடனை வசூல் ஏஜென்சியிடம் பேசி முடிப்பது எப்படி? சிபில் ரிப்போர்ட்டிலிருந்து என்.ஓ.சி. வரை

மூன்று, நான்கு வருடங்களுக்கு முன் கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு பாக்கியோ தனிநபர் கடனோ ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து போனாகத் திரும்பி வரும். பேசுகிறவர் வங்கி ஊழியர் அல்ல, வங்கி அமர்த்திய வசூல் ஏஜென்சியின் ஆள். "சார், ஒன் டைம் செட்டில்மென்ட் ஆஃபர் வந்திருக்கு. இன்னைக்கு சாயங்காலத்தோட முடியுது" என்பார். பாக்கியைக் குறைத்து ஒரே தடவையில் கட்டி முடிக்கும் சமரசம் அது. அந்த அவசரத்தில் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, பிறகு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது சிபிலில், அதாவது கடன் வரலாற்று ரிப்போர்ட்டில், அதே பாக்கி அப்படியே நிற்பதைப் பார்த்து அதிர்ந்துபோகிறவர்கள் நிறைய. கட்டிய பணம் வீணாகாமல் இருக்க ஒரு வரிசை உண்டு. முதலில் ரிப்போர்ட், அடுத்து கணக்கு, பிறகு பேச்சு, அதன்பின் கடிதம். பணம் கடைசியில்தான்.

இங்கே சொல்வதெல்லாம் இந்தியாவில் அடமானம் இல்லாமல் வாங்கிய கடன்களுக்கு: கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், செயலி வழியாக வாங்கிய கடன், தவணையில் வாங்கிய போன், டிவி. வீடு, வண்டி, நகை ஈடாக இருந்தால் வங்கியின் கை வேறு மாதிரி நீளும், அதற்கு வழிமுறையும் வேறு.

போனுக்குப் பதில் சொல்லும் முன்

இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. நான்கையும் அவரவர் இணையதளத்திலேயே எடுங்கள். ஒரு கடன் ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போவது சகஜம். ஏதோ ஒரு செயலி காட்டும் ஸ்கோரை மட்டும் பார்ப்பது போதாது. 300 முதல் 900 வரையான அந்த எண்ணை விட, கீழே இருக்கும் கணக்கு விவரம்தான் இங்கே வேலைக்கு ஆகும்.

சம்பந்தப்பட்ட கணக்கைத் திறந்து ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடன் கொடுத்தவர் பெயர், கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள், கடைசியாகப் பணம் கட்டிய தேதி, நிலுவைத் தொகை, கணக்கின் நிலை. மாதக் கட்டங்களில் இருப்பது எத்தனை நாள் தாமதம் என்ற எண். 000 என்றிருந்தால் அந்த மாதம் தாமதம் இல்லை. 90-ஐத் தாண்டிய எண் இருந்தால் கணக்கு வாராக்கடன் ஆகியிருக்கும். 'ரிட்டன் ஆஃப்' என்று இருந்தால் பலர் கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து அந்தக் கடனை நீக்கியிருக்கிறது, அவ்வளவுதான். கடன் உங்கள் தலையில் அப்படியே இருக்கிறது. வசூல் ஏஜென்சிகளுக்குப் போகும் கோப்புகளில் பெரும்பகுதி இந்த வகைதான்.

அதே கடன் இரண்டு முறை வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வங்கி அதைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு, அதாவது ஏ.ஆர்.சி.க்கு விற்றிருந்தால், பழைய வங்கியின் கணக்கில் 'விற்கப்பட்டது' என்ற நிலையும் பூஜ்ஜிய நிலுவையும் இருக்க வேண்டும். பாக்கி புது நிறுவனத்தின் பெயரில் மட்டும் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் பாக்கி தெரிந்தால் ஒரே கடனுக்கு உங்கள் ஸ்கோர் இரண்டு முறை அடிவாங்குகிறது. பேரத்தைத் தொடங்கும் முன்பே இதற்குத் தனியாகப் புகார் போடலாம், கட்டணம் கிடையாது.

மூன்று வருடக் கெடு

காலவரையறைச் சட்டம் 1963-இன்படி இத்தகைய கடனுக்குப் பணம் கேட்டு வழக்குப் போட பொதுவாக மூன்று வருடம்தான் கெடு. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பது கடனின் வகையையும் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. தொகை பெரியது என்றால் ஒரு வக்கீலிடம் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்பதற்கு ஆகும் செலவு வீணாகாது.

கெடு முடியும் முன் நீங்கள் "ஆமாம், இவ்வளவு தர வேண்டும்" என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, எழுத்துச் சான்றுடன் ஒரு சிறு தொகை கட்டினாலோ, மூன்று வருடம் அந்த நாளிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். "சும்மா ஆயிரம் ரூபா போடுங்க சார், ஃபைலை நிறுத்தி வெக்கிறேன்" என்று ஏஜென்ட் கேட்பதற்குப் பின்னால் பல நேரம் இருக்கும் கணக்கு இதுதான். அந்த ஆயிரத்தால் உங்கள் பாக்கி குறையாது, கெடு மட்டும் நீளும்.

கெடு முடிந்துவிட்டாலும் கவனம் வேண்டும். காலங்கடந்த கடனைத் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 25(3) அதைச் செல்லுபடியாகும் புது ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ளும். அதனால் பேரம் பேசும் கடிதத்திலும் மின்னஞ்சலிலும் முதல் வரியிலேயே, "இது சமரசப் பேச்சுக்காக மட்டும், என் சட்ட உரிமைகளுக்குப் பாதகமின்றி எழுதப்படுகிறது, கடனை ஒப்புக்கொள்வதாகாது" என்று போட்டுவிடுங்கள்.

கெடு முடிந்தது என்பதற்காக சிபிலிலிருந்து கடன் போய்விடாது. கடன் தகவலைக் குறைந்தது ஏழு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்கின்றன விதிகள். "ஏழு வருஷம் ஆனா தானா அழிஞ்சிடும்" என்ற பேச்சை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். ஏழு என்பது குறைந்தபட்சம்.

இன்னொன்று: வங்கி ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் இந்தக் கெடுவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. தீர்ப்பாணை வாங்கியிருந்தால் அதை நிறைவேற்ற 12 வருடம் உண்டு. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் உங்கள் பெயரைப் போட்டு மாவட்ட வாரியாகத் தேடிப் பாருங்கள். நீதிமன்றத்துக்கு வெளியே தகராறை விசாரிக்கும் நடுவர் மன்றத்தின் (ஆர்பிட்ரேஷன்) நோட்டீஸ் வந்திருந்தால் அதைப் பிரிக்காமல் வைப்பதுபோல் ஆபத்தான வேலை கிடையாது. நீங்கள் வராமலே உத்தரவு போடுவார்கள், அது தீர்ப்பாணை போலவே நிறைவேறும்.

எவ்வளவுக்குப் பேசுவது

ஏஜென்ட் சொல்லும் தொகையிலிருந்து பேரத்தைத் தொடங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கார்டில் 80,000 ரூபாய் பாக்கியோடு நிறுத்திவிட்டீர்கள். மாதம் 3.5 சதவீதம் கூட்டு வட்டி என்றால், தாமதக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் சேர்க்காமலே 24 மாதத்தில் அது 1,82,000-ஐத் தாண்டும். ஏஜென்ட் "ஐம்பது சதவீதம் தள்ளுபடி" என்று பெரிய மனசோடு சொன்னால் நீங்கள் கட்டப்போவது 91,000 ரூபாய். நிறுத்தியபோது இருந்த பாக்கியைவிட 11,000 அதிகம். தள்ளுபடி என்ற சொல் காதுக்கு இனிக்கும், கணக்கில் ஒன்றும் இல்லை.

ஆகவே அசலைப் பிரித்தெடுங்கள். தவணை நின்ற மாதத்தின் ஸ்டேட்மென்டை வங்கியிடம் கேட்டு வாங்கி, நீங்கள் உண்மையில் செலவழித்தது எவ்வளவு, வட்டியும் கட்டணமுமாக ஏறியது எவ்வளவு என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். தனிநபர் கடன் என்றால் தவணை அட்டவணையில் மிச்ச அசல் நேரடியாகத் தெரியும். அதில் 'அபராத வட்டி' என்று தனியாக ஏற்றி, அதற்கும் வட்டி போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். 2023 ஆகஸ்டில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவின்படி அதை அபராதக் கட்டணமாக மட்டுமே வாங்கலாம், அசலில் சேர்த்து வட்டி போடக் கூடாது. புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரலிலும் பழைய கடன்களுக்கு அதே வருடம் ஜூன் முடிவுக்குள்ளும் இது நடைமுறைக்கு வந்தது. கிரெடிட் கார்டுக்கு இது பொருந்தாது.

இப்போது முடிவெடுக்க வேண்டியது ஒன்று உண்டு: 'செட்டில்டு' வேண்டுமா, 'குளோஸ்டு' வேண்டுமா? பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து வங்கி முடித்துக்கொண்டால் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும். கடன் முழுதும் வரவில்லை என்று அடுத்த வங்கிக்கு அது சொல்லும். அதை வைத்தே வீட்டுக் கடன் மறுக்கப்படலாம். முழுதாகக் கட்டி முடித்தால் 'குளோஸ்டு'. இரண்டு வருடத்துக்குள் வீடு வாங்கும் எண்ணம் இருந்து, அசலைக் கட்டவும் முடியும் என்றால், தள்ளுபடியைத் துரத்த வேண்டாம். இப்படிக் கேளுங்கள்: "அசலை முழுதாகக் கட்டுகிறேன். வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் ரத்து செய்து, கணக்கை 'குளோஸ்டு', நிலுவை பூஜ்ஜியம் என்று நான்கு நிறுவனங்களுக்கும் அனுப்புவீர்களா?" சில வங்கிகள் ஒப்புக்கொள்ளும், சில ஒப்பாது. எழுத்தில் வராத ஒப்புதலை ஒப்புதலாகவே எடுக்க வேண்டாம். வருமானமே இல்லை, போன் தொல்லை நின்றால் போதும் என்கிற நிலையில் 'செட்டில்டு' தவறான வழி அல்ல. பின்னாளில் விட்டுக்கொடுத்த மிச்சத்தையும் கட்டி, நிலையை 'குளோஸ்டு' என்று மாற்றித் தரும்படி அதே வங்கியிடம் கேட்கவும் வழி இருக்கிறது. 'ரிட்டன் ஆஃப்' என்று நிலுவையோடு கிடப்பதைவிட இரண்டுமே மேல்.

தொகையைச் சொல்லும்போது, ஒரே தடவையில் கட்டக்கூடிய தொகையைச் சொல்லுங்கள். மொத்தமாக வரும் பணத்துக்குக் கிடைக்கும் இறக்கம் தவணைக்குக் கிடைக்காது. தவணையில் ஒன்று தவறினால் சமரசமே ரத்தாகி, அதுவரை கட்டியதைப் பழைய மொத்தத்தில் கழித்துக்கொள்வார்கள். தவணைக்காக பின்தேதியிட்ட காசோலை கொடுப்பது அதைவிட மோசம். அது திரும்பினால், இதுவரை சிவில் கடனாக இருந்தது செலாவணி முறிச் சட்டம் 138-ஆவது பிரிவில் கிரிமினல் வழக்காகிவிடும். நேரமும் பேசும்: காலாண்டு முடிவிலும், முக்கியமாக மார்ச்சிலும், வசூல் இலக்கு நெருக்கும்போது இறங்கி வருவார்கள். "இன்றே கடைசி" என்ற ஆஃபர் அடுத்த மாதமும் வரும், பல நேரம் இன்னும் குறைந்த தொகையோடு.

வீட்டு நகையை அடகு வைத்து செட்டில் செய்வது நம் ஊரில் முதலில் தோன்றும் யோசனை. 'குளோஸ்டு' கிடைக்கும் என்று எழுத்தில் உறுதியானால் அதில் அர்த்தம் இருக்கிறது, வருடத்துக்கு 42 சதவீத வட்டியிலிருந்து குறைந்த வட்டிக்கு மாறுகிறீர்கள். 'செட்டில்டு' மட்டும்தான் என்றால், ரிப்போர்ட்டும் கெட்டு நகையும் வெளியில் இருக்கும் நிலைமைக்கு ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். நகைக் கடனும் சிபிலில் ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

ஏஜென்டிடம் பேசும்போது

ஏஜென்சிக்கு வசூலிக்கத்தான் அதிகாரம். தள்ளுபடியை ஒப்புக்கொள்ளும் அதிகாரம் வங்கியின் வசூல் பிரிவு அதிகாரியிடம் இருக்கிறது. கடன் விற்கப்பட்டிருந்தால் ஏ.ஆர்.சி.யிடம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பேச்சு சுருங்கிவிடும்:

"சார், மூணு மணிக்குள்ள நாப்பதாயிரம் போட்டீங்கன்னா லெட்டர் நாளைக்கே வந்துடும்."

"லெட்டர் வரட்டும் சார், வந்த அன்னைக்கே கட்டறேன். பேங்க் மெயில் ஐடியில இருந்து அனுப்பச் சொல்லுங்க. உங்க ஏஜென்சி பேரும் ஆதரைசேஷன் லெட்டரும் அதோட வெச்சு அனுப்புங்க."

"அதுக்குள்ள ஆஃபர் போயிடும் சார்."

"போனா அடுத்தது வரும்போது பேசிக்கலாம் சார்."

இதையே மாற்றிமாற்றிச் சொல்ல வேண்டியதுதான். கோபப்பட வேண்டாம். வயது, குடும்பம், சம்பளம், எந்த ஆபீஸ் என்ற கேள்விகளுக்குப் பதில் தேவையில்லை. பேசி முடித்ததும் தேதி, நேரம், எண், சொன்ன தொகை நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

2022 ஆகஸ்ட் 12-இல் வந்த ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையின்படி கடன் வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மிரட்டுவது, பலர் முன் அவமானப்படுத்துவது, உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தொல்லை தருவது எல்லாமே விதிமீறல். ஏஜென்ட் செய்வதற்கு வங்கியே பொறுப்பு. வீட்டுக்கு வருபவரிடம் அடையாள அட்டையும் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் இருக்க வேண்டும். கேட்டால் காட்டத்தான் வேண்டும். கடன் கட்டாததற்காகப் போலீஸ் கைது செய்யாது. வாட்ஸ்அப்பில் வரும் 'அரெஸ்ட் வாரண்ட்' காகிதத்தைப் பார்த்து வீட்டில் பெரியவர்கள் நடுங்கிப் பணம் அனுப்பிவிடுகிறார்கள், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆனால் திரும்பிய காசோலைக்கான 138 நோட்டீஸ் நிஜமானது. அது கையில் கிடைத்து 15 நாளுக்குள் பணம் கட்டியாக வேண்டும். தானியங்கிப் பற்று (ஆட்டோ டெபிட்) திரும்பினாலும் 2007-ஆம் வருடச் சட்டம் ஒன்றின் 25-ஆவது பிரிவில் இதே மாதிரி வழக்கு வரலாம்.

தொல்லை எல்லை மீறினால் முதலில் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு சி.எம்.எஸ். இணையதளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். உதவி எண் 14448.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

செட்டில்மென்ட் கடிதம் வங்கியின் அல்லது ஏ.ஆர்.சி.யின் லெட்டர்ஹெட்டில் வர வேண்டும். ஏஜென்சியின் லெட்டர்ஹெட்டில் வந்தது செல்லாக் காசு. அதில் உங்கள் முழுப் பெயர், கடன் கணக்கு எண், ஒப்புக்கொண்ட தொகை, கடைசித் தேதி, பணம் போட வேண்டிய கணக்கு, 'முழு மற்றும் இறுதித் தீர்வு' என்ற சொற்கள், கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரும் பதவியும் இருக்கின்றனவா பாருங்கள். பலர் விட்டுவிடும் நான்கையும் கேட்டு வாங்குங்கள்: கடன் தகவல் நிறுவனங்களுக்கு என்ன நிலை அனுப்பப்படும், வழக்கு இருந்தால் திரும்பப் பெறப்படுமா, ஈடாகக் கொடுத்த வெற்றுக் காசோலைகள் திரும்ப வருமா, ஜாமீன்தாரரும் விடுவிக்கப்படுகிறாரா. ஜாமீன் போட்ட மைத்துனரின் ரிப்போர்ட்டிலும் இதே கடன் ஏறியிருக்கும், அவரை மறந்துவிடாதீர்கள்.

கடிதம் வந்ததும் அதை நம்பிவிடாமல் வங்கியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் இருக்கும் மின்னஞ்சலுக்கு அனுப்பி, "இது உங்கள் கடிதம்தானா?" என்று கேளுங்கள். போலிக் கடிதங்கள் சுற்றுகின்றன. கடிதத்தில் உள்ள போன் எண்ணையே அழைத்துச் சரிபார்த்தால் அதே போலி ஆள்தான் "ஆமாம்" என்பார்.

வழக்கு நடக்கிறது என்றால் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நல்ல வழி. 1987-ஆம் வருடச் சட்டப்படி அங்கே எழுதும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனாலேயே சிபில் நிலை, காசோலைகளைத் திருப்பித் தருவது எல்லாம் அந்த ஆணையிலேயே எழுதப்பட்டதா என்று பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.

பணம் கட்டும் நாள்

உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து, கடிதத்தில் உள்ள கடன் கணக்குக்கு நெஃப்ட் செய்யுங்கள். கார்டு என்றால் கார்டு எண்ணுக்கு. டிமாண்ட் டிராஃப்ட் என்றால் வங்கியின் பெயரோடு கடன் கணக்கு எண்ணையும் சேர்த்து எடுங்கள். தனி ஆளின் யு.பி.ஐ. எண்ணுக்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது, ஏஜென்சியின் கணக்குக்கும்தான். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். ஒரு நாள் தாமதத்தாலும் நூறு ரூபாய் குறைவாலும் சமரசம் ரத்தான கதைகள் உண்டு. பரிமாற்ற எண்ணைக் குறிப்பிட்டு அன்றே வங்கிக்கு மின்னஞ்சல் போடுங்கள். பழைய தானியங்கிப் பற்று அனுமதியையும் ரத்து செய்துவிடுங்கள், இல்லையென்றால் முடிந்த கடனுக்கு ஒரு தவணை எடுக்கப் பார்க்கும்.

அதன்பின் 45 நாள்

பாக்கி இல்லை என்று சொல்லும் 'நோ டியூ' சான்று (என்.ஓ.சி.), பூஜ்ஜிய நிலுவை காட்டும் ஸ்டேட்மென்ட் இரண்டையும் விடாமல் கேட்டு வாங்குங்கள். 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதம் குறைந்தது இரண்டு முறை தகவல் அனுப்புவதால் முன்போல் மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் 45 நாள் விட்டு நான்கு ரிப்போர்ட்டையும் பாருங்கள்.

மாறவில்லை என்றால் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே சான்றை இணைத்துப் புகார் போடுங்கள். சிபில் தானாக எதையும் திருத்தாது. வங்கியிடம் கேட்டு, வங்கி சரி என்றால்தான் மாற்றும். அதனால் அதே நாளில் வங்கிக்கும் எழுதுங்கள். 30 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது. கடிதத்தில் அந்த வரியைச் சேர்த்தாலே வேகம் கூடும். "சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று பத்தாயிரம், இருபதாயிரம் கேட்கும் ஆட்கள் செய்வதும் இதே இலவசப் புகாரைத்தான். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

ஸ்கோர் ஏற, புதிதாக ஒழுங்கான பதிவு விழ வேண்டும். 20,000 ரூபாய் வைப்புத்தொகை வைத்து அதன் மேல் ஒரு கிரெடிட் கார்டு வாங்குங்கள். பால், மின்கட்டணம் என்று வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவழித்து, குறைந்தபட்சத் தொகையோடு நிற்காமல் முழுத் தொகையையும் கெடுவுக்கு முன் கட்டுங்கள். இந்தக் காலத்தில் நாலு இடத்தில் கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் ஒரு விசாரணையாகப் பதிந்து ஸ்கோரைக் குறைக்கும்.

செட்டில்மென்ட் கடிதம், பணம் போன ரசீது, நோ டியூ சான்று மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். போனிலும் மின்னஞ்சலிலும் ஒரு பிரதி இருக்கட்டும். முடிந்த கடன் பழைய பட்டியலோடு சேர்ந்து வேறு ஏஜென்சிக்குப் போய், நாலு வருடம் கழித்து இன்னொருவர் போன் செய்வது நடக்கும். நகலை அனுப்பினால் போதும், அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.